‘ஹைப்பர்கிளைசீமியா’ என்றால் என்ன? மருத்துவ அறிக்கையில் வரும் சொல்லின் பொருளும், அதைப் புறக்கணிக்கக் கூடாத காரணங்களும்

புதுடெல்லி: அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்காகவோ, சாதாரணக் காய்ச்சலுக்காகவோ மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் பலரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்ற சொல் இடம்பெறுகிறது. சிலர் அதை ஏதோ புதிய நோயின் பெயர் என எண்ணி அஞ்சுகின்றனர். வேறு சிலர் அதன் பொருள் விளங்காமல் அறிக்கையை மடித்து வைத்துவிடுகின்றனர். இன்னும் சிலர் அதனை ‘ஹைப்போகிளைசீமியா’ என்ற மற்றொரு சொல்லுடன் குழப்பிக்கொள்கின்றனர். இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஏனெனில், இரண்டும் நேரெதிரான நிலைகள். ஒன்றுக்கான சிகிச்சை மற்றொன்றில் கேடு விளைவிக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு, 2023 ஜூன் மாதம் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர். ஆகவே, இந்தச் சொல்லின் பொருளை அறிந்துகொள்வது மருத்துவர்களுக்கு மட்டுமல்லாமல் ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையான ஒன்றாகிவிட்டது.

சொல்லின் பொருள் என்ன?

ஹைப்பர்கிளைசீமியா என்பது மூன்று கிரேக்கச் சொற்கூறுகளால் ஆனது. ‘ஹைப்பர்’ என்றால் மிகை, அளவுக்கு மேல் என்று பொருள். ‘கிளைக்’ என்ற வேர் இனிப்பைக் குறிக்கும். இறுதியில் உள்ள ‘ஈமியா’ என்பது இரத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மூன்றையும் சேர்த்தால், ‘இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருத்தல்’ என்பதே நேரடிப் பொருள். தமிழில் இதனை ‘மிகை இரத்தச் சர்க்கரை’ அல்லது ‘உயர் இரத்தச் சர்க்கரை’ எனக் கூறலாம்.

இதற்கு எதிரான சொல்லில் ‘ஹைப்பர்’ என்பதற்குப் பதிலாக ‘ஹைப்போ’ என்ற முன்னொட்டு வருகிறது. அதற்குக் குறைவு, கீழ் என்று பொருள். எனவே, ஹைப்போகிளைசீமியா என்பது இரத்தச் சர்க்கரை இயல்பைவிடத் தாழ்ந்துவிட்ட நிலையாகும்.

இங்கு கவனிக்க வேண்டிய மற்றொரு வேறுபாடும் உண்டு. ஹைப்பர்கிளைசீமியா என்பது நோயின் பெயரன்று. ஒரு நிலையின் பெயர். காய்ச்சல் என்பது உடல் வெப்பம் உயர்ந்திருப்பதைச் சொல்கிறதே தவிர, அதற்குக் காரணம் மலேரியாவா, டெங்குவா என்பதைச் சொல்வதில்லை. அதுபோலவே, ஹைப்பர்கிளைசீமியா என்ற சொல்லும் சர்க்கரை உயர்ந்திருப்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அதற்கு மிகப் பொதுவான காரணம் நீரிழிவு நோய்தான் என்றாலும், அது மட்டுமே காரணமன்று.

இனிப்பைக் கண்டறிந்த வரலாறு

இந்த நிலையை மனிதர்கள் முதலில் அறிந்தது சிறுநீரின் வழியாகத்தான். பண்டைய இந்திய மருத்துவ நூல்களான சரக சம்ஹிதையும் சுஸ்ருத சம்ஹிதையும் ‘மதுமேகம்’ என்ற பெயரில் இந்நோயைக் குறிப்பிடுகின்றன. தேனைப் போன்ற சிறுநீர் என்பது அதன் பொருள். சித்த மருத்துவத்திலும் இதே பெயர் வழங்கி வருகிறது.

கிரேக்க மருத்துவர்கள் பயன்படுத்திய ‘டயாபடீஸ்’ என்ற சொல்லுக்கு ‘ஊடாகக் கடந்து செல்லுதல்’ என்பது பொருள். குடிக்கும் நீரெல்லாம் உடலில் தங்காமல் வெளியேறுவதை அது சுட்டியது. தமிழில் வழங்கும் ‘நீரிழிவு’ என்ற சொல்லும் அதே கருத்தையே கொண்டுள்ளது. ‘இழிதல்’ என்ற வினைக்கு இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல் என்பது பழைய பொருள். உடலின் நீர் தொடர்ந்து இறங்கிச் செல்வதால் அது நீரிழிவு எனப்பட்டது.

இனிப்பு சிறுநீரில் மட்டுமல்லாமல் இரத்தத்திலும் உள்ளது என்பதை 1776ஆம் ஆண்டு வெளிப்படுத்தியவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன். நீரிழிவு நோயாளியின் சிறுநீரை ஆவியாக்கியபோது எஞ்சிய வெண்ணிறப் பொருள் சர்க்கரையைப் போலவே இருப்பதை அவர் கண்டறிந்தார். அந்நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரிந்த சீரமும் இனிப்பாக இருப்பதை அவர் குறிப்பிட்டார். அதாவது, இது சிறுநீரகத்தில் மட்டும் நிகழும் கோளாறு அன்று, உடல் முழுவதையும் சார்ந்தது என்ற புரிதலுக்கு அவரது ஆய்வு வழிவகுத்தது.

அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1921ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14, இன்று உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

உடலில் நிகழ்வது என்ன?

உண்ணும் அரிசி, கோதுமை, கிழங்கு, பழம் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து செரிமானமாகி குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. மூளை, தசை உள்ளிட்ட உறுப்புகளுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். ஆனால், அது இரத்தத்தில் இருக்கும் அளவு மிகவும் சிறியது. வயது வந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருப்பதாகக் கொண்டால், 100 மில்லிகிராம் என்ற அளவில் அவரது மொத்த இரத்தத்திலும் உள்ள குளுக்கோஸ் வெறும் 5 கிராம். அதாவது, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. இது இரண்டு தேக்கரண்டியாக உயர்ந்தாலே அளவு 200ஐத் தொட்டுவிடும்.

ஒரு வேளை உணவிலேயே இதைவிடப் பன்மடங்கு மாவுச்சத்து உடலுக்குள் செல்கிறது. அவ்வாறிருந்தும் சர்க்கரை குறுகிய வரம்புக்குள் நிற்பதற்குக் காரணம், கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின். தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ள அது உதவுகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிடுவதையும் அது கட்டுப்படுத்துகிறது.

முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை; நாளடைவில் சுரப்பும் குறைகிறது. இரண்டின் விளைவும் ஒன்றே: சர்க்கரை செல்களுக்குள் செல்லாமல் இரத்தத்திலேயே தேங்குகிறது. இரத்தத்தில் எரிபொருள் மிகுந்திருக்க, செல்கள் பட்டினி கிடக்கின்றன. நோயாளி நன்றாக உண்டும் மெலிவதற்கும் சோர்வதற்கும் இதுவே காரணம்.

எந்த அளவு இயல்பு? எது மிகை?

இந்தியாவில் இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அலகில் அளக்கப்படுகிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற அலகு வழக்கில் உள்ளது. அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் இந்திய அலகு கிடைக்கும். அங்கு 7 என்பது இங்கு 126.

குறைந்தது 8 மணி நேரம் உண்ணாமல் இருந்து எடுக்கப்படும் பரிசோதனையில், 100க்குக் கீழ் இருந்தால் இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. 100 முதல் 125 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வரையறுக்கிறது. உலக சுகாதார அமைப்பு இந்நிலையை 110இலிருந்து கணக்கிடுகிறது. வெவ்வேறு ஆய்வகங்களின் அறிக்கைகளில் வெவ்வேறு வரம்புகள் அச்சிடப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பதில் இரு அமைப்புகளும் ஒத்துப்போகின்றன.

75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கப்படும் பரிசோதனையில், 140க்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. அறிகுறிகள் தெளிவாக உள்ள ஒருவருக்கு எந்நேரத்தில் எடுத்த பரிசோதனையிலும் 200ஐத் தாண்டினால் அதுவும் நீரிழிவையே சுட்டுகிறது. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோயை உறுதிசெய்வதில்லை. மீண்டும் ஒரு பரிசோதனை மூலம் உறுதிப்படுத்துவதே முறை.

மூன்று மாதச் சராசரியும் இரத்தச்சோகையும்

‘ஹெச்பிஏ1சி’ எனப்படும் பரிசோதனை, கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுகிறது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், ஒட்டியிருக்கும் அளவை வைத்து அந்தக் காலத்தின் சராசரியை மதிப்பிட முடிகிறது. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. 7 சதவீதம் என்பது ஏறத்தாழ 154 என்ற சராசரிச் சர்க்கரைக்கும், 9 சதவீதம் என்பது ஏறத்தாழ 212க்கும் இணையானது.

இந்தியாவில் இந்தப் பரிசோதனையைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை உள்ளது. இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கும்போது, உண்மையைவிட ஹெச்பிஏ1சி அளவு உயர்ந்து காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் இரத்தக் கோளாறுகளிலும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடமும், மிகுந்த இரத்த இழப்புக்கு ஆளானவர்களிடமும் அது பிழையாகக் குறைந்து காட்டக்கூடும். எனவே, இத்தகையோருக்கு ஹெச்பிஏ1சி முடிவை மட்டும் நம்பாமல், நேரடிச் சர்க்கரைப் பரிசோதனையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

நீரிழிவு இல்லாதவர்களுக்கும் வருமா?

வரக்கூடும். மாரடைப்பு, பக்கவாதம், கடும் தொற்று, விபத்துக் காயம், அறுவை சிகிச்சை ஆகியவற்றின்போது உடல் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. இவை கல்லீரலைத் தூண்டிக் குளுக்கோஸை வெளியேற்றச் செய்வதால், நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை தற்காலிகமாக உயரும். ஆயினும், இவர்களில் ஒரு பகுதியினருக்கு இதுவரை கண்டறியப்படாத நீரிழிவு இருக்கலாம். அதனால், உடல்நலம் தேறிய பின் மீண்டும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தச் சொல்லைக் கண்டவர்கள் தவறவிடக் கூடாத செயல் இதுவே.

ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் ஆகியவற்றுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் சர்க்கரையை உயர்த்துபவை. இதன் தீவிரத்தை நாடு 2021ஆம் ஆண்டு நேரடியாகக் கண்டது. கொரோனா இரண்டாம் அலையின்போது, கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸ் தொற்று பல மாநிலங்களில் பரவியது. அதனைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யுமாறு அந்த ஆண்டு மே மாதம் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூன் இறுதிக்குள் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் சுமார் 64 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்ததாகவும், பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள் என்றும் அப்போதைய மத்திய சுகாதாரத்துறை அமைச்சர் ஹர்ஷ் வர்தன் தெரிவித்தார். சர்க்கரை மிகும்போது வெள்ளையணுக்களின் எதிர்ப்பாற்றல் குறைவதும், அச்சூழல் பூஞ்சையின் வளர்ச்சிக்கு ஏற்றதாக அமைவதும் அதற்கான காரணங்களாகக் கூறப்பட்டன. ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவரின் கண்காணிப்பின்றித் தொடரவோ, திடீரென நிறுத்தவோ கூடாது என்பதற்கு அந்த நிகழ்வு ஒரு பாடமாக அமைந்தது.

கர்ப்ப காலம் மற்றொரு முக்கியமான கட்டம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலைத் தடுப்பதால், அதற்கு முன் நலமாக இருந்த பெண்களுக்கும் சர்க்கரை உயரலாம். இந்தியாவில் இதனைக் கண்டறிய, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி.சேஷையா தலைமையில் உருவான எளிய முறையை மத்திய சுகாதாரத்துறையின் வழிகாட்டு நெறிமுறைகள் ஏற்றுள்ளன. கர்ப்பிணி உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை பரிசோதிக்கும் முறை அது. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. வெறும் வயிற்றில் தொலைவிலிருந்து வர வேண்டிய தேவை இல்லாததால், கிராமப்புறப் பெண்களுக்கு இது ஏற்றதாக உள்ளது.

அறிகுறிகள் தோன்றுவது ஏன்?

நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸைச் சிறுநீரகங்கள் வடிகட்டி, அதை முழுவதுமாக மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. ஆனால், இரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டும்போது அவற்றால் முழுவதையும் மீட்க இயலுவதில்லை. எஞ்சிய சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேறுகிறது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், இரவில் பலமுறை எழுதல், அடங்காத தாகம், நாவறட்சி ஆகியவை இதன் தொடர் விளைவுகள். மங்கலான பார்வை, சோர்வு, காரணமின்றி எடை குறைதல், புண் ஆற நாளாகுதல், பிறப்புறுப்பில் அடிக்கடி பூஞ்சைத் தொற்று ஆகியனவும் காணப்படலாம்.

அதே வேளையில், 130, 150 என்ற அளவில் சர்க்கரை இருக்கும் ஒருவருக்கு எந்த அறிகுறியும் தென்படாமல் போகலாம். ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆகவே சர்க்கரை இல்லை’ என்ற எண்ணம் தவறாவது இங்குதான். அறிகுறி தோன்றும் வரை காத்திருந்தால் பல ஆண்டுகள் கடந்துபோகும்.

எப்போது உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

சர்க்கரை உயர்வு இரு வகைகளில் உயிராபத்தான நிலையை எட்டக்கூடும். முதலாவது ‘கீட்டோஅசிடோசிஸ்’. இன்சுலின் அறவே இல்லாத நிலையில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதனால் உருவாகும் கீட்டோன் எனும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சில் அழுகிய பழத்தைப் போன்ற வாடை, மயக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளிடம் நோய் முதன்முதலாக வெளிப்படுவதே சில வேளைகளில் இவ்வாறுதான். வயிற்றுவலி, வாந்தி என்று மட்டும் கருதிச் சிகிச்சை அளிக்கப்படும் குழந்தைக்கு, அளவுக்கு மீறிய தாகமும் எடைக் குறைவும் இருந்தால் உடனே சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாவது நிலை பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முதியோரிடம் காணப்படுகிறது. தொற்று அல்லது வேறு நோயின்போது போதிய நீர் அருந்தாததால் சர்க்கரை மெல்ல ஏறி 600ஐயும் தாண்டிவிடும். குழப்பமான பேச்சு, அரைமயக்கம், கடும் நீரிழப்பு ஆகியவை தோன்றும். வயது முதிர்வால் வரும் தடுமாற்றம் எனக் குடும்பத்தினர் கருதிவிடும் ஆபத்து இதில் அதிகம்.

இரு நிலைகளிலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. 108 அல்லது 112 என்ற அவசர எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே வழி. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், காய்ச்சலாலோ வாந்தியாலோ சாப்பிட முடியாத நாளில் ‘உண்ணவில்லையே’ எனத் தாமாகவே இன்சுலினை முழுவதுமாக நிறுத்திவிடுவது இந்நிலைக்குத் தள்ளும் முக்கியத் தவறுகளில் ஒன்று. நோயின்போது உடலின் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுமே தவிரக் குறைவதில்லை. அளவை மாற்றுவது குறித்து மருத்துவரைக் கேட்பதே முறை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களில் அரிதாகச் சிலருக்கு, சர்க்கரை பெரிதாக உயராமலேயே கீட்டோஅசிடோசிஸ் ஏற்படலாம். அவர்கள் கடும் வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றைச் சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து அலட்சியம் செய்யக் கூடாது.

‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’: குழப்பம் ஏன் ஆபத்தானது?

நீரிழிவு நோயாளி ஒருவர் திடீரெனத் தளர்ந்து விழுந்தால், அது சர்க்கரை கூடியதாலா, குறைந்ததாலா என்ற கேள்வி எழும். சர்க்கரை உயர்வு பெரும்பாலும் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ மெல்ல ஏறும். தாகமும் மிகுந்த சிறுநீரும் முன்கூட்டியே தென்படும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும் ஹைப்போகிளைசீமியா நிமிடங்களில் தோன்றக்கூடியது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, எரிச்சல், தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். இன்சுலின் அல்லது சிலவகை மாத்திரைகளை எடுத்துக்கொண்டு உணவைத் தவறவிட்டவர்களிடம் இது அதிகம் ஏற்படுகிறது.

குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே அளந்து பார்ப்பதே சிறந்தது. கருவி இல்லாமல், நோயாளி நினைவுடன் விழுங்கும் நிலையில் இருந்து, தாழ்சர்க்கரைக்கான அறிகுறிகளும் தென்பட்டால் 15 கிராம் சர்க்கரையை, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி அளவை, நீரில் கலந்து கொடுக்கலாம். 15 நிமிடங்கள் கழித்து நிலையைப் பார்த்து மீண்டும் கொடுக்கலாம். ஏற்கெனவே உயர்ந்திருக்கும் சர்க்கரை இதனால் சற்றே கூடுவதைவிட, தாழ்ந்த சர்க்கரையைக் கவனிக்காமல் விடுவது உடனடி ஆபத்து மிக்கது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; அது மூச்சுக்குழலில் சென்று அடைத்துவிடும். அளந்து பார்க்காமல் இன்சுலின் போடுவதும் எந்நிலையிலும் கூடாது. சர்க்கரை குறைந்து கிடப்பவருக்கு இன்சுலின் செலுத்தினால் அது உயிரைப் பறித்துவிடக்கூடும்.

மெல்லச் செய்யும் கேடு

உடனடி ஆபத்து இல்லாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருக்கும் சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றும் முதலில் பாதிக்கப்படுபவை. பெரிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படும்போது மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. பாதத்தில் உணர்வு மங்கியவர் முள் குத்தியதையோ, செருப்பு கடித்ததையோ அறியாமல் நடந்து, அந்தப் புண் முற்றிக் காலையே இழக்கும் நிலைக்கு ஆளாகக்கூடும். எனவே, நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்வதும் சிகிச்சையின் பகுதியே.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இவற்றைத் தடுக்க முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு உருவாகும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180க்குள்ளும், ஹெச்பிஏ1சி 7 சதவீதத்துக்குள்ளும் இருப்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கும் பிற நோய் உள்ளவர்களுக்கும் இது சற்றுத் தளர்த்தப்படும்.

வீட்டுப் பரிசோதனையில் கவனிக்க வேண்டியவை

பழத்தை நறுக்கிய கையோடு விரலில் குத்திப் பரிசோதித்தால் சர்க்கரை பொய்யாக உயர்ந்து காட்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பின்னரே பரிசோதிக்க வேண்டும். காலாவதியான ஸ்ட்ரிப், திறந்த டப்பாவில் ஈரம் பட்ட ஸ்ட்ரிப் ஆகியவையும் தவறான எண்ணைத் தரும். வீட்டுக் கருவிகளுக்கான சர்வதேசத் தரவிதி 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை வேறுபாட்டை அனுமதிக்கிறது. ஆய்வகத்தில் 140 எனக் காட்டும் இரத்தம், கருவியில் 119 முதல் 161 வரை எதையும் காட்டலாம். ஆகவே, கருவி அன்றாடக் கண்காணிப்புக்கு ஏற்றதே தவிர, நோயை உறுதிசெய்ய ஏற்றதன்று.

இரவு அளவாக உண்டும் காலையில் மட்டும் சர்க்கரை உயர்ந்திருப்பதாகப் பலர் வருந்துவதுண்டு. விடியற்காலையில் சுரக்கும் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றுவதே இதற்குக் காரணம். இதனை ‘விடியல் விளைவு’ என மருத்துவர்கள் அழைக்கின்றனர். இதற்காக உணவைத் தவிர்ப்பதைவிட, மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றி மருத்துவரிடம் பேசுவதே பயன் தரும்.

நாட்டின் நிலை

மேற்குறிப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டிலேயே அதிகபட்சமாகக் கோவாவில் 26.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ளது. புதுச்சேரியில் 26.3 சதவீதமும், கேரளாவில் 25.5 சதவீதமும் பதிவாகியுள்ளன. குறைந்தபட்சமாக உத்தரப்பிரதேசத்தில் 4.8 சதவீதம் பதிவானது. ஆனால், அங்கு நீரிழிவு உள்ளவர்களைவிட அதற்கு முந்தைய நிலையில் இருப்போர் பன்மடங்கு அதிகம். இன்று குறைவாகத் தோன்றும் மாநிலங்களில் வரும் ஆண்டுகளில் எண்ணிக்கை உயரக்கூடும் என்பதையே இது உணர்த்துகிறது.

முந்தைய நிலையில் இருக்கும் அனைவரும் நோயாளிகளாக மாற வேண்டும் என்ற கட்டாயமில்லை. எடைக் குறைப்பு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை, தீட்டிய அரிசியும் மைதாவும் இனிப்புப் பானங்களும் குறைந்த உணவு, போதிய தூக்கம், புகையிலையைக் கைவிடுதல் ஆகியவற்றால் பலர் இயல்பு நிலைக்குத் திரும்ப முடியும். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ், 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் உள்ளிட்ட அரசு சுகாதார மையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு உள்ளவர்களும், உடல் பருமன் உள்ளவர்களும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை உயர்ந்திருந்த பெண்களும் அந்த வயது வரை காத்திருக்காமல் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மருத்துவ அறிக்கையில் ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்று இருந்தால், மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்டறிவது பயனளிக்கும். உயர்ந்திருந்த அளவு எவ்வளவு? அது தற்காலிகமானதா, நீரிழிவின் அடையாளமா? மீண்டும் எப்போது பரிசோதிக்க வேண்டும்? இவற்றுக்கான பதில்களை அறிக்கையிலேயே குறித்து வைத்து, உரிய நாளில் மறுபரிசோதனை செய்துகொண்டால், பின்னாளில் வரக்கூடிய பெரும் பாதிப்புகளைத் தொடக்கத்திலேயே தடுக்க முடியும்.

(பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரையில் உள்ள தகவல்கள் பொதுவான புரிதலுக்காக மட்டுமே வழங்கப்பட்டுள்ளன. மருந்து, உணவு முறை ஆகியவற்றில் மாற்றம் செய்வதற்கு முன் தகுதி பெற்ற மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.)